ஒசாகாவில் கருவான கௌபாய்

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் என்ற வீடியோ கேமின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் டெக்சாஸுக்கு அல்ல, ஜப்பானின் ஒசாகாவுக்குத்தான் போய்ச் சேருவோம். அங்கே காப்காம் நிறுவனத்தில் யோஷிகி ஒகமோட்டோ என்றொருவர் இருந்தார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உருவானதில் பெரும் பங்கு அவருடையது. 1985-லேயே கன் ஸ்மோக் என்று, காசு போட்டு ஆடும் கௌபாய் விளையாட்டு ஒன்றைச் செய்தவர். தொப்பியும் துப்பாக்கியும் அவருக்குப் பழைய ஆசை. இத்தாலிக்காரர்கள் ஸ்பெயின் நாட்டுப் பொட்டலில் படம்பிடித்து அமெரிக்கக் கதை என்று உலகத்துக்கே விற்றார்களே, அந்த ஸ்பெகட்டி வெஸ்டர்ன் வகையில் ஒரு கேம் செய்ய நினைத்தார். அந்த வகையின் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் முதல் டாலர் படமே ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் யோஜிம்போவிலிருந்து எடுத்ததுதான். கொடுத்த கடனை ஜப்பான் திருப்பிக் கேட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலையை ஒப்படைத்தது கலிபோர்னியாவில், கார்ல்ஸ்பாட் ஊரில் இருந்த ஏஞ்சல் ஸ்டுடியோஸிடம். கொலம்பியாவில் பிறந்த டியேகோ ஏஞ்சல் 1984-ல் தொடங்கிய நிறுவனம் அது. இரண்டு சிடி நிறைய இருந்த காப்காமின் ரெசிடென்ட் ஈவில் 2-ஐ நின்டெண்டோவின் 64 எம்பி கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்குள் அடக்கிக் காட்டிய கெட்டிக்காரர்கள். 2000-ல் வேலை ஆரம்பித்தது. 2002 நவம்பரில் டேக்-டூ நிறுவனம் ஏஞ்சலை விலைக்கு வாங்கி, தன் பிள்ளையான ராக்ஸ்டாரோடு சேர்த்து, ராக்ஸ்டார் சான் டியேகோ என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே காப்காம் இந்தக் கேமைக் கைகழுவியது. ஒகமோட்டோவும் அதே ஆண்டு காப்காமை விட்டு விலகினார். தாயும் தகப்பனும் போன பிறகு, அரைகுறையாகக் கிடந்ததை ராக்ஸ்டார் வாங்கி முடித்து, 2004 மே மாதம் ரெட் டெட் ரிவால்வர் என்ற பெயரில் வெளியிட்டது.

அது பெரிய விளையாட்டு ஒன்றுமில்லை. கட்டம் கட்டமாகச் சுட்டுக்கொண்டே போவது, அவ்வளவுதான். ஆனால் நேரத்தைத் தளர்த்தி, எதிரிகள் மேல் ஒவ்வொன்றாகக் குறி வைத்து, ஒரே மூச்சில் சுட்டுத் தள்ளும் 'டெட் ஐ' என்ற வித்தை அதில்தான் வந்தது. இந்த வித்தை பின்னால் முக்கியமாகிறது.

2005-ல் அடுத்த கேமான ரெட் டெட் ரிடெம்ப்ஷனுக்கான வேலை தொடங்கியது. சான் டியேகோ குழு தனக்கென்று ரேஜ் என்ற கேம் என்ஜினைக் கட்டிக்கொண்டிருந்தது. 2006-ல் அந்த என்ஜினில் ஓடிய முதல் விளையாட்டு எது தெரியுமா? டேபிள் டென்னிஸ்! ஒரு மேசை, ஒரு பந்து, இரண்டு ஆட்கள். அங்கே உடல் அசைவைப் பழகிய என்ஜின்தான், ராக்ஸ்டாரின் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4 வழியாக, குதிரை ஓடும் வெளிக்கு வந்து சேர்ந்தது.

அந்த வெளியில் ஒரு நிஜமான சிக்கல் இருந்தது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ருசிப்பதற்குக் காரணம் நெரிசல். திரும்பிய பக்கமெல்லாம் கார், கடை, போலீஸ். பாலைவனத்தில் என்ன இருக்கிறது? கள்ளியும் காற்றும். நெவர்சாஃப்டின் கன் என்ற கேம் 2005-லேயே வெஸ்டர்னைத் திறந்த உலகமாகச் செய்து பார்த்திருந்தாலும், நிலம் அங்கே ஒரு சண்டையிலிருந்து இன்னொரு சண்டைக்குப் போகும் வழியாகவே நின்றுவிட்டது. சான் டியேகோக்காரர்கள் அந்த வெறுமையை மூடி மறைக்கவில்லை. பத்து நிமிடம் ஒரு ஆளும் எதிரே வராமல் குதிரையில் போகலாம். அப்புறம் சாலையோரம் ஒருத்தி உதவி கேட்டு அலறுவாள். இறங்கினால் புதருக்குள்ளிருந்து நாலு திருடர்கள். அடுத்த முறை கேட்கிற அலறல் நிஜமா, பொய்யா? அந்தச் சந்தேகம் வெறும் நிலத்தை நிரப்பிவிடுகிறது. என் கணக்கில் இந்தக் கேமின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான்; கதாநாயகன் ஜான் மார்ஸ்டன்கூட இதற்குப் பிறகுதான்.

மார்ஸ்டன் திருந்தப் பார்க்கும் பழைய கொள்ளைக்காரன். ஆண்டு 1911. அவன் மனைவியையும் மகனையும் பிடித்துவைத்துக்கொண்டு, பழைய கூட்டாளிகளைக் கொன்றுவிட்டு வா என்று அரசாங்க ஆட்கள் அனுப்புகிறார்கள். முதல் காட்சியில் அவன் கப்பலிலிருந்து இறங்கும் அதே துறையில் ஒரு மோட்டார் காரும் இறங்குகிறது. துப்பாக்கிக்காரர்களின் காலம் முடிந்துவிட்டதென்று ஒரு வசனமும் இல்லாமலே புரிகிறது.

கேம் வெளிவருவதற்கு நாலு மாதம் முன்பு, 2010 ஜனவரியில், ராக்ஸ்டார் சான் டியேகோ ஊழியர்களின் மனைவிமார் சிலர் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். சனிக்கிழமையும் விடாத, நாள் முழுக்க நீளும் வேலையில் தங்கள் கணவன்மாரின் உடல்நலம் கெடுகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. கணினி வேலை என்றால் குளிர்சாதன அறையும் காபியும் என்று நினைப்பவர்கள் அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

2010 மே 18 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விமர்சனங்களைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் கணக்கில் 100-க்கு 95. வெஸ்டர்ன் செத்துப்போன சரக்கு என்ற பேச்சு அதோடு அடங்கியது. 2011 தொடக்கத்துக்குள் 80 லட்சம் பிரதிகள். மெக்சிகோவுக்குள் நுழைந்து முதல் முறை குதிரை ஏறும்போது ஹோசே கொன்சாலெஸ் குரலில் ஒரு பாட்டு வருகிறதே, அதை இன்றும் சிலாகிக்காத ரசிகர் இல்லை. பாட்டு அழகு, ஆனால் அதைத் தொடரும் மெக்சிகோ பகுதி இழுவை என்பது என் கட்சி. புரட்சிக்காரர்களுக்கும் கர்னலுக்கும் மாறி மாறி எடுபிடி வேலை பார்க்கும் மார்ஸ்டனை நம்ப முடியவில்லை. சிரிப்பதற்கும் குறைவில்லை: நிரல் குழம்பி, ஒரு பெண் கழுதையாக நடந்துவர, அவள் மேல் ஏறி ஆள் போகிற காட்சி ஊரெல்லாம் சுற்றியது.

முடிவைத்தான் எல்லோரும் பேசினார்கள். சொன்ன வேலையெல்லாம் முடித்து மார்ஸ்டன் பண்ணைக்குத் திரும்புகிறான். மாடு மேய்க்கிறான், மகனுக்கு வேட்டை பழக்குகிறான். பிறகு அரசாங்கமே அவனைத் தேடி வருகிறது. களஞ்சியக் கதவைத் திறந்தால் எதிரே துப்பாக்கி வரிசை. டெட் ஐ தானாகவே தொடங்குகிறது, நேரம் தளர்கிறது, எத்தனை பேரைக் குறிவைத்தாலும் மிச்சம் இருக்கிறார்கள். முப்பது மணி நேரம் யாரையும் வெல்லவைத்த வித்தை, விளையாடுபவர் கையிலேயே தோற்கிறது. சினிமாவால் நாயகனைச் சாகடிக்க முடியும். உங்கள் விரலைக்கொண்டே அவனைத் தோற்கடிக்க அதனால் முடியாது. அதன் பிறகு 1914-ல் மகன் ஜாக், தகப்பனைக் கொல்லவைத்த எட்கர் ராஸைத் தேடிப் போகலாம். போயே ஆக வேண்டும் என்று கேம் சொல்வதில்லை. வரைபடத்தில் ஒரு சின்னக் குறி, அவ்வளவே. அதைப் பின்தொடர்ந்து பழி தீர்த்தால்தான் படைப்பாளிகளின் பெயர்ப் பட்டியல் ஓடும்.

அடுத்த பாகம் 2018 அக்டோபரில் வந்து மூன்றே நாளில் 72.5 கோடி டாலர் வசூலித்தது. அப்போதும் வாரத்துக்கு 100 மணி நேர வேலை என்ற பேச்சு எழுந்தது; அது மூத்த எழுத்தாளர்கள் சிலர் மூன்று வாரம் பட்ட பாடு மட்டுமே என்று ராக்ஸ்டாரின் டான் ஹவுசர் விளக்கம் கொடுத்தார். முதல் பாகம் 2023-ல் பிளேஸ்டேஷன் 4-க்கும் ஸ்விட்சுக்கும் வந்தபோது, 13 வயதுச் சரக்குக்கு 50 டாலரா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கணினிக்கு வர 2024 அக்டோபர் ஆயிற்று.