இராயவரம்: பிள்ளைகளுக்காக எழுதிய ஊர்

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் வட்டத்தில் இருக்கிறது இராயவரம். நகரத்தார் ஊர். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள் பலவும் பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணத்தில் எழுந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பிறந்த ஆண்பிள்ளைக்குப் போகவேண்டிய வழி அநேகமாக முன்பே தீர்மானமாகியிருக்கும். எழுத்தும் கணக்கும் கற்க வேண்டும், பிறகு ‘கொண்டுவிக்க’, அதாவது வணிகத்துக்காக, கப்பலேற வேண்டும். பற்றும் வரவும் பிசகாமல் எழுதத் தெரிந்தவனே கெட்டிக்காரன்.

இந்த ஊரிலிருந்துதான் தமிழ்க் குழந்தை இலக்கியத்தின் முக்கியமான ஒரு பகுதி புறப்பட்டது. ‘சக்தி’ வை. கோவிந்தன், ‘குழந்தைக் கவிஞர்’ அழ. வள்ளியப்பா, பின்னாளில் ஐந்திணைப் பதிப்பகம் நடத்திய கவிஞர் குழ. கதிரேசன் மூவருக்கும் இராயவரமே சொந்த ஊர். சில மைல் தள்ளியிருக்கும் அரிமளம் வாண்டுமாமாவின் ஊர். ‘கல்கண்டு’ தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். இத்தனை சிறிய வட்டத்துக்குள் இத்தனை பேர் பிள்ளைகளுக்காகவும் இளைஞர்களுக்காகவும் எழுதக் கிளம்பினார்கள் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

பணம் ஒரு காரணம். பர்மாவுக்குப் போய்த் திரும்பிய கோவிந்தன், அந்தப் பணத்தை வட்டிக்கு விடாமல் அச்சகத்திலும் காகிதத்திலும் போட்டார். 1939-இல் ‘சக்தி’ மாத இதழைத் தொடங்கினார். பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்த மலிவுப் பதிப்பும் அவர் வேலைதான். தமிழில் நல்ல நூல், நல்ல அச்சில், குறைந்த விலையில் வர முடியும் என்று காட்டியவர் அவர். அதற்காகக் கைப்பொருளை இழந்தவரும் அவரே.

இன்னொரு காரணம் அரசியல். புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தொண்டைமான் சமஸ்தானம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கட்டுப்பாடு வந்தபோது, ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் புதுப் பத்திரிகை தொடங்குவது பெரும்பாடாக இருந்தது. சமஸ்தானத்துக்குள் அந்தக் கெடுபிடி குறைவு என்பார்கள் இதழியல் வரலாறு எழுதியவர்கள். முருகு சுப்பிரமணியன் 1947-இல் ‘பொன்னி’ இதழை அங்கிருந்துதான் தொடங்கினார். அந்தக் காற்றில் சிறுவர் இதழ்களும் முளைத்தன.

வள்ளியப்பா பிறந்தது 1922 நவம்பர் 7. தந்தை அழகப்பச் செட்டியார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தோழர்களோடு நடந்து போன காலத்திலேயே, கண்ணில் பட்டதையெல்லாம் பாட்டாகக் கட்டி அவர்களைப் பாடவைத்திருக்கிறார். பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு 1940-இல் சென்னைக்கு வந்தார். ஊர்க்காரரான கோவிந்தனின் சக்தி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எழுதுகிற வேலை இல்லை, காசாளர் வேலை. அங்கே ஆசிரியராக இருந்தவர் தி.ஜ.ர. பையனிடம் எழுத்து இருக்கிறது என்று கண்டுகொண்டு அவர்தான் ஊக்கினார். ‘ஆளுக்குப் பாதி’ என்ற வள்ளியப்பாவின் முதல் கதை சக்தியில் வந்தது.

அடுத்த ஆண்டே அவர் இந்தியன் வங்கியில் சேர்ந்துவிட்டார். ஆர்பத்நாட் கம்பெனி 1906-இல் திவாலாகி சென்னைக்காரர்களின் சேமிப்பை விழுங்கிய பிறகு, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நகரத்தார் பெருந்தனக்காரர்களும் சேர்ந்து 1907-இல் உருவாக்கிய வங்கி அது. செட்டிநாட்டுப் பையனுக்கு அங்கே உத்தியோகம் என்றால் குடும்பம் மனநிறைவு கொள்ளும். 1982 வரை, நாற்பது ஆண்டுக்கு மேல், அவர் வங்கி ஊழியராகவே இருந்தார். இதைக் கனவைக் கைவிட்ட கதையாகப் படிக்கக் கூடாது. சம்பளம் வங்கியிலிருந்து வந்ததால்தான் ‘பாலர் மலர்’, ‘டமாரம்’, ‘சங்கு’ போன்ற சிறுவர் இதழ்களுக்குக் கௌரவ ஆசிரியராக இருக்க முடிந்தது. ‘பூஞ்சோலை’யை நடத்த முடிந்தது. பிள்ளைகளுக்கு எழுதி வயிற்றைக் கழுவ முடியாத காலத்தில், ஒரு கவிஞனுக்கு எவரும் தராத மானியத்தை அந்த மாதச் சம்பளம் தந்தது.

1944-இல் ‘மலரும் உள்ளம்’ வெளிவந்தது. இருபத்துமூன்றே பாடல்கள். அந்தச் சிறு புத்தகம் ஏன் முக்கியம் என்று புரிய, அதற்கு முன் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மனப்பாடம். பிறகு வந்தவை மிஷன் பள்ளிகளின் வாசகப் புத்தகங்கள். எல்லாமே பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பியவை. பாரதியின் பாப்பாப் பாட்டு ஓடி விளையாடக் கூப்பிட்டது ஒரு பெரிய திருப்பம். ஆனாலும் அது மெல்ல மெல்ல அறிவுரைக்கும் நாட்டுப்பற்றுக்கும் போய்ச் சேரும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் கிளியையும் பாடியபோதுதான், பிள்ளை பார்க்கும் உயரத்திலிருந்து ஒருவர் உலகத்தைப் பார்த்தார். வள்ளியப்பா அந்த வழியில் இன்னும் ஒரு தப்படி போனார்.

லட்டுப் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தட்டில் எட்டு லட்டு, அதைப் பாதி பாதியாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள்; கடைசியில் தட்டுக் காலி. பாட்டு அவ்வளவுதான். அறிவுரை எதுவும் கிடையாது. ஆனால் ஒவ்வோர் அடியும் அதே ‘ட்டு’ ஓசையில் போய் விழும். மூன்று வயதுப் பிள்ளையின் நாக்குக்கு அந்த இரட்டித்த டகரம் விளையாட்டு. கைதட்டத் தாளமும் அதற்குள்ளேயே இருக்கிறது. கழித்தல் கணக்கு தானாக உள்ளே போய்விடுகிறது. பகலெல்லாம் பேரேட்டோடு இருந்தவர் எழுதிய பாட்டு என்பதை நினைக்கையில் அந்தக் கணக்கின் சுத்தம் இன்னும் பிடித்துப்போகிறது. அவருடைய முதல் கதையின் தலைப்பும் பங்கு பிரிப்பதைப் பற்றியதுதான்.

எல்லாப் பாட்டும் இப்படி இல்லை. காந்தியின் வாழ்க்கையைப் ‘பாட்டிலே காந்தி கதை’யாகச் சொன்னார். ஈசாப் கதைகளைப் பாடலாக்கினார். நீதி சொல்லும் பாடல்கள் அவரிடமும் உண்டு. அவற்றில் சில இன்று சற்றுத் தட்டையாகவே ஒலிக்கின்றன. உரைநடையில் ‘நீலா மாலா’, ‘நல்ல நண்பர்கள்’, ‘பர்மா ரமணி’. பர்மாவிலிருந்து வரும் ஒரு சிறுவனை அவர் கதைத்தலைவன் ஆக்கியதற்கு ஊரிலேயே காரணம் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பியவர்கள் செட்டிநாட்டுத் தெருக்களில் நிறையப் பேர். வெளியே நடந்த சரித்திரம் இப்படிப் பிள்ளைக் கதைக்குள் வருவது தமிழில் அப்போது அரிது.

எழுதியதைவிட அவர் செய்த பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. 1950-இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியது. தலைவர் கோவிந்தன், முன்னின்று உழைத்தவர் வள்ளியப்பா. சங்கம் மாநாடுகள் நடத்தியது. குழந்தைகளுக்கான புத்தகக் கண்காட்சி வைத்தது. போட்டிகள் நடத்திப் பரிசு கொடுத்தது. பிள்ளைகளுக்கு எழுதுகிறவர் என்றால் பெரியவர்களுக்கு எழுதத் தெரியாதவர் என்ற இளக்காரம் இருந்த நாளில், அவர்களை ஒரே கூரைக்குக் கீழ் உட்காரவைத்து, ‘நீங்கள் எழுத்தாளர்’ என்று சொன்ன இடம் அது. குழந்தை இலக்கியத்தின் வரலாற்றை எழுதிய பூவண்ணன், அறிவியலைக் கதையாக்கிய கல்வி கோபாலகிருஷ்ணன், தம்பி சீனிவாசன் என்று ஒரு தலைமுறையே அந்தக் காலத்தில் திரண்டது.

அரிமளத்துக்காரரின் பாதை வேறு. 1925-இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்திக்கு ‘வாண்டுமாமா’ என்று பெயர் வைத்தவர் ஓவியர் மாலி. பெரியவர்களுக்குக் ‘கௌசிகன்’, பிள்ளைகளுக்கு வாண்டுமாமா. வங்கிச் சம்பளம் போன்ற பிடிமானம் அவருக்கு இருக்கவில்லை, பத்திரிகைதான் பிழைப்பு. ஒரு சிறுவர் இதழ் நின்றால் அவருக்கு வேலை நின்றது. கல்கி நிறுவனம் 1972-இல் தொடங்கிய ‘கோகுலம்’, வேறொரு நிறுவனம் 1984-இல் தொடங்கிய ‘பூந்தளிர்’ இரண்டையும் வளர்த்தவர் அவர். பூந்தளிரைப் படித்து வளர்ந்தவர்கள் இப்போதும் பழைய இதழ்களைத் தேடி அலைகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதிய அந்த மனிதர் தன் வாழ்க்கை வரலாற்றுக்கு வைத்த பெயர் ‘எதிர்நீச்சல்’. 2014-இல் இறந்தபோது அவருக்குக் கிடைத்த கவனம் அவர் உழைப்புக்கு ஈடானதல்ல.

வள்ளியப்பா வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டே கோகுலத்துக்கு ஆசிரியரானார். முழுநேரமும் பிள்ளைகளுக்காகவே உட்கார்ந்திருக்கும் நாற்காலி அறுபது வயதில்தான் கிடைத்தது. 1987 வரை அதில் இருந்தார். 1989 மார்ச் 16 அன்று மதுரையில் பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றில், குழந்தை இலக்கியத்தைப் பாடமாக வைக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். அன்றே உயிர் பிரிந்தது.

சாகித்திய அகாதெமி குழந்தை இலக்கியத்துக்கென்று தனி விருதை ஏற்படுத்தியது 2010-இல். வள்ளியப்பா மறைந்து இருபத்தோரு ஆண்டுக்குப் பிறகு. அந்தப் பால சாகித்திய புரஸ்காரம் 2016-இல் இராயவரத்துக் குழ. கதிரேசனுக்குக் கிடைத்தது. 2019-இல் தேவி நாச்சியப்பனுக்கு. அவர் வள்ளியப்பாவின் மகள். தாமும் பிள்ளைகளுக்காகவே எழுதுகிறவர்.

லட்டுப் பாட்டு இன்று கைபேசித் திரைகளில் பொம்மைப் படங்களோடு ஓடுகிறது. இராயவரத்தைக் கேள்விப்படாத பிள்ளைகள் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் அதற்குக் கைதட்டுகிறார்கள். அந்தப் படங்களில் பலவற்றில் எழுதியவர் பெயரே இருப்பதில்லை. பாடலுக்குக் கீழே ‘அழ. வள்ளியப்பா’ என்று ஒரு வரி சேர்க்க அதிகம் செலவாகாது. அதைப் பதிப்பாளர்களிடமும் படம் தயாரிப்பவர்களிடமும் பெற்றோர்களே கேட்டு வாங்கலாம்.