சத்தியமங்கலம் மல்லிகைச் சாகுபடி

சத்தியமங்கலம் மல்லிகைச் சாகுபடி என்பது ஈரோடு மாவட்டம் சத்தியமங்கலம் வட்டாரத்தில் நடைபெறும் மலர் வேளாண்மையைக் குறிக்கும். பவானி ஆற்றை ஒட்டிய இப்பகுதி கொங்கு நாட்டின் முக்கியமான பூ உற்பத்தி மையங்களுள் ஒன்றாகும். மல்லிகையுடன் முல்லை, காக்கடா, சாதிமல்லி (பிச்சி), சம்பங்கி, செண்டுமல்லி ஆகியனவும் பயிரிடப்படுகின்றன.

பறிப்பும் விற்பனையும்

மல்லிகை மாலையில் மலரும் இயல்புடையது. ஆகவே, முதிர்ந்த மொட்டுகள் விடியற்காலையிலேயே கையால் பறிக்கப்படுகின்றன. அவை அன்றே சத்தியமங்கலம் பூச்சந்தையில் விற்கப்பட்டு, கோயம்புத்தூர் முதலிய நகரங்களுக்கும் கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களுக்கும் செல்கின்றன. விரிந்த பூவைச் சரம் தொடுப்போர் விரும்புவதில்லை. எனவே, நல்ல விலை வரும்வரை உழவர் பூவை இருப்பு வைக்க இயலாது.

விலை

மார்ச் முதல் சூன் வரை வரத்து மிகுந்து விலை சரியும். சில நாட்களில் பறிகூலிக்கே போதாது. நவம்பர் இறுதியில் செடிகள் கவாத்து செய்யப்படுவதாலும் பனியாலும் பொங்கலையொட்டி வரத்து குறையும். அப்போது கிலோ விலை 1,000 ரூபாயைக் கடப்பதுண்டு. ஆயினும் விற்பதற்கு உழவரிடம் பூ குறைவாகவே இருக்கும்.

நறுமண ஆலைகள்

சந்தையில் எஞ்சும் பூவை நறுமணப் பொருள் ஆலைகள் வாங்குகின்றன. எக்சேன் என்னும் கரைப்பானைக் கொண்டு மெழுகு போன்ற மணச்சாறு பிரிக்கப்படுகிறது. 1,000 கிலோ சாதிமல்லியிலிருந்து ஏறத்தாழ 3 கிலோ சாறே கிடைக்கும். ஆலை தரும் விலை குறைவெனினும், பூ வீணாவதை அது தடுக்கிறது.

ஆய்வும் கல்வியும்

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முல்லையிலும் பிச்சியிலும் கோ 1, கோ 2 ஆகிய இரகங்களை வெளியிட்டுள்ளது. மலரியல் இங்குப் பட்டமேற்படிப்பாகவும் கற்பிக்கப்படுகிறது.