கொம்யூன்

கொம்யூன் என்பது புதுச்சேரியில் பல கிராமங்களைச் சேர்த்து அமைந்த உள்ளாட்சிப் பிரிவு. அதன் அலுவலகத்துக்கும் பேச்சில் அதே பெயர்தான். "அப்பா கொம்யூனுக்குப் போயிருக்கார்" என்று பாகூரில் ஒரு பிள்ளை சொன்னால், வீட்டு வரியோ பிறப்புச் சான்றிதழோ தெருவிளக்குப் புகாரோ ஏதோ ஒன்று என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். அதே சொல்லைத் தென்பெண்ணைக்கு அப்பால் கடலூரில் சொன்னால் எதிரில் இருப்பவர் செங்கொடியை நினைக்கக்கூடும். தமிழ்நாட்டில் இதற்கு நிகரானது ஊராட்சி ஒன்றியம். புதுச்சேரி அரசு இச்சொல்லைத் தமிழாக்காமல் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றே பலகையில் எழுதுகிறது. ஒரு பிரெஞ்சுச் சொல்லும் ஓர் இந்தியச் சொல்லும் அருகருகே நிற்கும் இந்தத் தொடர், அந்த மண்ணின் வரலாற்றை அப்படியே சொல்லிவிடுகிறது.

முதலெழுத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இச்சொல்லின் எழுத்துக்கூட்டல் ஒன்றே. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தவை 'க' என்று தொடங்கும்: கம்யூன், கம்யூனிசம், கம்யூனிட்டி. பிரெஞ்சு வாயிலிருந்து நேரே கேட்டு எழுதியது 'கொ' என்று தொடங்கும். பாரிஸ் கம்யூன் என்று அச்சிடும் தமிழ் இதழ்கள்கூட வில்லியனூர் என்று வந்தால் கொம்யூன் என்று மாற்றிக்கொள்கின்றன. ஓர் உயிரெழுத்து இரண்டு காலனி ஆட்சிகளைப் பிரித்துக் காட்டுவது அடிக்கடி காணக் கிடைப்பதல்ல.

வேர் லத்தீன். 'கொம்' என்றால் சேர்ந்து. 'முனுஸ்' என்றால் கடமை, பணி, கொடை. சேர்ந்து சுமக்கும் கடமையே மூலப்பொருள். சேர்ந்து அனுபவிப்பது பிறகுதான் வந்தது. தமிழில் இந்த முதற்பொருளுக்கு மிக நெருங்கிய சொல் 'பொது' அல்ல, ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

ஒரே வேரில் கிளைத்த சொற்கள் வெவ்வேறு திசையில் போய்விட்டன. வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தில் ஒரு சிறுமி முதன்முறை நற்கருணை வாங்கினால், ஆங்கிலத்தில் அது கம்யூனியன். வீட்டில் அதைப் 'புதுநன்மை' என்பார்கள். அந்தச் சிறுமிக்குப் பள்ளியில் கேட்கும் கம்யூனிட்டி சர்டிபிகேட்டோ சாதிச் சான்றிதழ். அதற்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும், கொம்யூனில் தரமாட்டார்கள். 'கம்யூனல்' என்பதன் கதை இன்னும் விசித்திரம். மேல்நாட்டு ஆங்கிலத்தில் அது சேர்ந்து சமைப்பதையும் சேர்ந்து வாழ்வதையும் குறிக்கும். இந்தியச் செய்தித்தாளில் மதக் கலவரத்தைக் குறிக்கும். சென்னை மாகாணத்தில் 1921-இல் தொடங்கி 1927-இல் நடைமுறையான வகுப்புவாரி அரசாணைக்கு 'கம்யூனல் ஜி.ஓ.' என்றே பெயர். அதை 1951-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று சொல்ல, அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதலசையை அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாம் அசையை அழுத்தினால் வினைச்சொல். இயற்கையோடோ இறைவனோடோ மனம் ஒன்றிக் கலப்பதே அந்த வினை. பெயர்ச்சொல்லின் புகழுக்குப் பாரிஸ்தான் காரணம். 1871 மார்ச் 18 முதல் மே 28 வரை 72 நாள் நின்ற தொழிலாளர் ஆட்சி, ஒரு நகராட்சிச் சொல்லைப் புரட்சிச் சொல்லாக்கியது. 1958-இல் சீனாவின் மக்கள் கம்யூன்கள் அதை வயலுக்குக் கொண்டுபோயின. 1960-களில் மேல்நாட்டு இளைஞர்கள் கூடி வாழ்ந்த பண்ணைகளுக்கும் இதே பெயர். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லை வெளிநாட்டு எழுத்தாளர்கள் இந்தப் பொருளில் கம்யூன் என்பதுண்டு. அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது; வில்லியனூர்க்காரர் வரி கட்டும் கொம்யூனுக்கும் அதற்கும் உறவில்லை.

அந்த உறவில்லாக் கொம்யூன் எப்படி வந்தது? வில்லியனூரும் பாகூரும் 1749-இல் நவாப் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்த பகுதிகள். 1752-இல் பாகூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். புதுச்சேரி பலமுறை கைமாறி 1816-இல் பிரெஞ்சு வசம் திரும்பியது. இதற்கிடையே பிரான்சில் புரட்சி நடந்து, 1789 டிசம்பரில் ஊர்கள் யாவும் ஒரே வகை உள்ளாட்சி அமைப்புக்குக் கீழ் வந்துவிட்டன. அந்த ஏற்பாடு இங்கே வந்து சேர 90 ஆண்டு ஆனது. 1880 மார்ச் 12 அன்று பிறந்த ஆணை பிரெஞ்சிந்தியாவைப் பத்துக் கொம்யூன்களாக்கியது. புதுச்சேரிப் பகுதியில் நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். அதே ஆண்டு ஜூலையில்தான் பாரிஸ் கம்யூன் போராளிகளுக்குப் பிரான்சு பொதுமன்னிப்பு அளித்தது. ஒரே சொல்லின் இரு பொருளுக்கும் ஒரே ஆண்டில் அனுமதி கிடைத்தது தற்செயல்தான் என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1907-இல் மொத்த எண்ணிக்கை பதினேழானது. புதுச்சேரிப் பகுதியின் நான்கு எட்டாகி, அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, திருபுவனை, நெட்டப்பாக்கம் சேர்ந்தன.

ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மன்றம், ஒரு மேயர். பிரெஞ்சில் அவர் 'மேர்', அவர் அலுவலகம் 'மேரி'. புதுச்சேரிக் கடற்கரையில் 2014-இல் இடிந்து விழுந்து, பிறகு மீண்டும் எழுப்பப்பட்ட மேரி கட்டடத்தின் பெயர் இதுதான், யாரோ ஒரு பெண்ணின் பெயரல்ல. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் மேயரின் பதிவேட்டில் ஏறும். மன்றத் தேர்தலில் எல்லாரும் சமமாக வாக்களித்ததாக எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் தனித்தனி வாக்காளர் பட்டியல். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது.

நகரத்தைவிட ஏரிக்கரையில் இச்சொல் தன் மூலப்பொருளுக்கு அருகில் வந்தது. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. ஊசுடு பெரியது, அடுத்தது பாகூர். பிரெஞ்சு ஆட்சியில் இவற்றைப் பராமரிக்கப் பாசனக்காரர்களின் உழவர் சங்கங்களும், 'கேஸ் கொம்யூன்' எனப்பட்ட பொது நிதியும் இயங்கின. மதகு, வரத்துக் கால்வாய், கரை எல்லாம் நீர் வாங்குவோர் பொறுப்பு. சேர்ந்து சுமக்கும் கடமை என்ற லத்தீன் பொருள் இங்கே மண்வெட்டியோடு நின்றது எனலாம். இணைப்புக்குப் பிறகு அந்த அமைப்புகள் தேய்ந்து, பராமரிப்பு அரசுத் துறையின் கைக்குப் போனது.

கொம்யூன் இந்திய வரலாற்றை நேராகத் தொட்ட ஆண்டு 1954. மார்ச் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் எட்டுக் கொம்யூன் மேயர்களும், பொது வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று தீர்மானித்தனர். மாத இறுதியில் அரசியல் தலைவர் எதுவார்த் குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியேற்றினார். அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், பிரதிநிதி சபை உறுப்பினரும் கொம்யூன் மன்ற உறுப்பினரும் கூடி வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி உறுதியானது. ஊர் விளக்கும் சாக்கடையும் பார்க்கத் தேர்ந்தெடுத்தவர்கள் ஊரின் நாட்டையே தீர்மானித்தார்கள். பொதுமக்களை நேராகக் கேட்கவில்லையே என்ற முணுமுணுப்பு அன்றும் இருந்தது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கொம்யூன் என்ற அமைப்பு இல்லாதிருந்தால் கீழூரில் அன்று வாக்களிக்கப் போதிய ஆட்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

இணைப்புக்குப் பிறகும் பிரெஞ்சு ஏற்பாடே தொடர்ந்தது. அந்த முறையில் கடைசித் தேர்தல் 1968-இல் நடந்தது. 1973-இல் புதுச்சேரி கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தபோது கொம்யூனில் மேயர் பதவி போனது, நகர்ப்புறம் நகராட்சியானது, நாட்டுப்புறத்தில் பெயர் மட்டும் நிலைத்தது. இன்று பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம். மற்ற ஐந்தும் காரைக்காலில். வில்லியனூர், பாகூர் என்ற பெயரில் வருவாய் வட்டங்களும் உண்டு. வட்டத்தின் எல்லையும் கொம்யூனின் எல்லையும் ஒன்றல்ல என்பதால், புதிதாக வீடு கட்டுகிறவர் மனுவைத் தவறான வாசலில் நீட்டுவது சகஜம்.

புதிய சட்டத்தின் கீழ் முதல் தேர்தல் 2006-இல்தான் நடந்தது, 38 ஆண்டு இடைவெளிக்குப் பின். வென்றவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தல் இட ஒதுக்கீட்டு வழக்குகளால் நின்றது. அதனால் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமலே ஆணையர்களைக் கொண்டு கொம்யூன் பஞ்சாயத்துகள் இயங்கிவந்தன. ஆனாலும் இணைப்பு சட்டப்படி உறுதியான ஆகஸ்ட் 16 தோறும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றம் தவறாமல் நடக்கிறது.