மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை

மும்பைத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோயில் எழுப்பியதையும், பள்ளி நிறுவியதையும், சபா அமைத்ததையும் விரிவாகச் சொல்லியுள்ளனர். அவையெல்லாம் சொல்லத்தக்கனவே. ஆயினும் அக்கோயிலுக்கும் சபாவுக்கும் சென்ற மக்கள் எங்கே குடியிருந்தனர், அவ்வீட்டை எவ்வாறு பெற்றனர், அங்கிருந்து ஆபீசுக்கு எவ்வாறு போய் வந்தனர் என்பதை எழுதினாரைக் காணோம். டிக்கெட் ஜன்னலின் உட்புறம் அமர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சீசன் டிக்கெட் வழங்கிவரும் நமக்கு இக்குறை பெரிதாகப் பட்டது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் வரலாறு எழுதலாமா என்று கேட்கும் அன்பர்கள், இறுதிவரை படித்துவிட்டுக் கேட்பாராக.

போரிபந்தரிலிருந்து தாணே வரை முதல் பயணி வண்டி ஓடியது 1853 ஏப்ரல் 16. தொலைவு 21 மைல். மறு ஆண்டே பாதை கல்யாணை எட்டிற்று. ஆனால் இருப்புப்பாதை வந்த உடனே மக்கள் நகருக்கு வெளியே குடி பெயர்ந்துவிடவில்லை. வேலை செய்யும் இடத்தின் அருகிலேயே நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1896இல் பிளேக் நோய் புகுந்து நகரை உலுக்கிய பிறகே நெருக்கத்தின் கேடு அரசுக்கு உறைத்தது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைந்தது. அன்று நகரின் வட எல்லையாயிருந்த தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் நிலம் எடுத்து, அகன்ற வீதிகளும் தோட்டங்களும் வகுத்து, மனைகளாகப் பிரித்து விட்டனர். பார்சி காலனி, இந்து காலனி என்பன அவ்வாறு தோன்றியவை.

ஆங்கிலமும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, கோட்டைப் பகுதிக் கம்பெனிகளை நாடி வந்த நம்மவர் மாட்டுங்காவில் வந்து இறங்கியது இக்காலத்தில்தான். சாள் வீடுகளில் மாடி முழுமைக்கும் குழாயும் கழிப்பிடமும் பொதுவாக இருந்தன. மாட்டுங்காவின் புதுக் கட்டடங்களிலோ வீட்டுக்குள்ளேயே எல்லாம் அமைந்திருந்தன. ஆசாரம் பார்த்த அக்காலத்துப் பெரியவர்களை இழுத்தது கடற்காற்றன்று, அந்தத் தனிக் குழாயே. 1925 பிப்ரவரி 3ஆம் நாள், விக்டோரியா டெர்மினசிலிருந்து துறைமுகப் பாதை வழியே குர்லாவுக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. நான்கே பெட்டிகள். மேற்குப் பாதையில் 1928இல் மின்சாரம் வந்தது. 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் பள்ளிக்கு வித்திட்டது. இட்லிக் கடையும், வெற்றிலைக் கடையும், மல்லிகைப் பூவும் அமைந்தபின் மாட்டுங்கா நமக்கு இன்னொரு மயிலாப்பூராயிற்று.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தால் வரலாறு பொய்யாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர் தாராவிக்கு வந்துவிட்டனர். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே தண்டவாளந்தான் குறுக்கே கிடக்கிறது. ஒரு பக்கத்துத் தமிழனுக்குத் திட்டமிட்ட மனையும் மாடிவீடும் கிட்டின. மறுபக்கத்துத் தமிழன் சேற்றைத் தானே மேடாக்கிக் குடிசை போட்டான். அவனுக்கு ரயில் தேவைப்படவில்லை. வேலையும் வீடும் ஒரே சந்தில் இருந்தன. நம் ஆண்டு மலர்களில் அவன் கதை எப்போதோதான் வருகிறது.

மாட்டுங்காப் பெரியவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்களே. 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவர்க்கு அரண், வரப்போகிறவர்க்கு மதில். வாடகை உயராது என்றானபின் வாடகைக்கு விடும் எண்ணத்தோடு வீடு கட்டுவோர் அருகினர். காலியாகும் வீட்டுக்குப் ‘பகடி’ என்று பெருந்தொகை கேட்கலாயினர். எனவே பின்னால் வந்தவர் வீட்டை விலைக்கே வாங்கவேண்டியதாயிற்று. கூட்டுறவு முறையில் வீடு கட்டிக்கொள்ளும் வழியை 1915இலேயே காம்தேவியில் சாரஸ்வத சமூகத்தார் காட்டியிருந்தனர். வசதியுற்ற நம்மவர் செம்பூரிலும் முலுண்டிலும் அவ்வழியைப் பின்பற்றினர். 1957இல் பெரும்பம்பாயின் எல்லை முலுண்டோடு நின்றது. அதற்கப்பால் தாணே மாவட்டம், நிலம் மலிவு. பில்டர்கள் அங்கே போயினர். அவர்கள் பின்னே நாமும் போனோம்.

எம் தந்தையார் 1968இல் வந்தவர். மாட்டுங்காவில் ஓர் அறையில் அறுவரில் ஒருவராய் இருந்து, மணமானபின் சயானில் உள்வாடகைக்கு ஒற்றை அறை பிடித்தார். 1983இல் டோம்பிவிலி கிழக்கில் ஒரு ‘ரூம் கிச்சன்’ வாங்கினார். சேமநிதியில் கடன், ஆபீசுக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன், அம்மாவின் நான்கு வளையல்கள். ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிஷம்’ என்று பில்டரின் நோட்டீசில் அச்சிட்டிருந்ததாம். நாங்கள் குடிபோன முதல் மழைக்காலத்தில் அது சேற்றில் இருபது நிமிஷமாயிற்று. குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. சொசைட்டி பதிவானது ஏழு ஆண்டு கழித்து.

1963ஆம் ஆண்டின் ஓனர்ஷிப் பிளாட் சட்டம் இவற்றையெல்லாம் தடுக்க வந்ததே. விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குமுன் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யவேண்டும், சொசைட்டி அமைத்து நிலத்தை அதன் பெயருக்கு மாற்றித் தரவேண்டும் என்று அது விதித்தது. விதி இருந்தது, கேட்கத்தான் நமக்குத் தெரியவில்லை. ஆபீசில் ஒரு காற்புள்ளி தவறினாலும் கண்டுபிடிக்கும் நம் குமாஸ்தாப் பெருமக்கள், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டனர். 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டப்படி, ஒப்பந்தம் பதியுமுன் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கலாகாது. இனி வாங்குவோர் இதையாவது நினைவில் கொள்ளவேண்டும்.

இனி நம் தொழிலுக்கு வருவோம். மும்பைப் புறநகர்ப் பாதையில் இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டின் கட்டணம், சுமார் 15 ஒருவழிப் பயணத்துக்கு உரியது. மாதம் 25 நாள் போய் வருபவர் செய்யும் பயணமோ 50. 2014இல் இதை 30 பயணக் கணக்குக்கு உயர்த்த அறிவித்து, எதிர்ப்பு எழவே சில நாட்களில் விலக்கிக்கொண்டனர். இச்சலுகை இல்லையேல் டோம்பிவிலி இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அரசு தொழிலாளிக்கென்று விட்டுக்கொடுத்த பணம் அவன் பையில் தங்கியதா? ஸ்டேஷனுக்கு அருகே என்று சொல்லி, அதைச் சதுர அடி விலையில் ஏற்றி பில்டர் எடுத்துக்கொண்டார் என்பது நம் கருத்து.

நாம் கொடுத்த விலை ரூபாயில் மட்டும் இல்லை. டோம்பிவிலியிலிருந்து இன்று சத்ரபதி சிவாஜி மஹராஜ் டெர்மினஸ் என வழங்கும் நிலையம் சுமார் 48 கிலோமீட்டர். நடையும் காத்திருப்பும் சேர்த்துத் தந்தையாருக்கு நாளொன்றுக்கு மூன்று மணி. ஆண்டுக்கு 280 நாள், 22 ஆண்டு. பெருக்கிப் பார்த்தால் 18,480 மணி. அதாவது இரவும் பகலுமாக 770 நாட்கள். அவர் கூட்டாளிகள் வண்டிக்குப் பெயர் சொல்வதில்லை. ‘ஏழு பதினெட்டு’, ‘ஏழு நாற்பத்திரண்டு’ என்று மணியையே பெயராக்கினர். உட்கார இடம் வேண்டின் எதிர்த்திசையில் கல்யாண் வரை போய், அதே வண்டியில் திரும்பவேண்டும். அதற்குக் கல்யாண் வரை சீட்டு வாங்கவேண்டும். பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியபின் நிலைமை இன்னும் கடிதாயிற்று. 1992இல் பெண்களுக்கென்றே தனி வண்டி விட்டனர். மாலை வண்டியில் மடியில் செய்தித்தாளை விரித்துப் பீன்ஸ் நறுக்கி வரும் நம் சகோதரிகளைக் கண்டு வேடிக்கை என்பார் உண்டு; வீட்டில் நறுக்கித் தருவார் இல்லாமையை அவர் எண்ணுவதில்லை.

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது நாமும் தந்தையாரும் வெவ்வேறு வண்டிகளில் சிக்கிக்கொண்டோம். தண்டவாளத்தில் இடுப்பளவு நீரில் நடந்து, மறுநாள் மாலையில் நாம் வீடு சேர்ந்தோம். அவர் அதற்கும் பிறகு வந்தார். செருப்பில்லை, கண்ணாடியில்லை, மாதச் சீட்டுமட்டும் சட்டைப் பையில் ஊறிப் போயிருந்தது. அவ்வாண்டே ஓய்வு பெற்றார். 2025 ஜூன் 9 காலை மும்ப்ரா அருகே வளைவில் வண்டிக் கதவோரம் தொங்கிச் சென்றோர் தவறி விழுந்து, உயிர்கள் போயின. வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார் தந்தையார்.

இப்பொழுது எங்கள் கட்டடம் பழுதடைந்துவிட்டதென்று நகராட்சி நோட்டீசு ஒட்டியிருக்கிறது. இடித்துக் கட்ட முன்வருவோர் உண்டு. ஆனால் நிலம் இன்னும் பழைய பில்டரின் பெயரிலேயே இருக்கிறது. மாவட்டக் கூட்டுறவுத் துணைப் பதிவாளரிடம் மனுச் செய்தால், பில்டரின் கையெழுத்தின்றியே நிலத்தைச் சொசைட்டிக்கு மாற்ற வழி உண்டு. அம்மனுவை எழுதும் பணி, எழுத்து அழகாயிருக்கிறதென்று நம் தலையில் விழுந்துள்ளது. இதே நிலையிலுள்ள சொசைட்டிகளின் அன்பர்கள் வந்து பார்த்தால், எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்பதை மகிழ்வுடன் சொல்வோம்.

அதுவரை எங்கே இருப்பது என்ற பேச்சு வீட்டில் நடக்கிறது. பத்லாப்பூரில் புதுக் கட்டடங்கள் எழுகின்றன. டெர்மினசிலிருந்து 68 கிலோமீட்டர். நோட்டீசில் ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிஷம்’ என்றே போட்டிருக்கிறது. தந்தையார் அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் படித்துவிட்டு மடித்து வைத்தார். இவ்வாண்டு வேலையில் சேர்ந்த எம் மகள்தான் சொன்னாள்: “போகலாம் தாத்தா. அங்கே ஏறினால் உட்கார இடமாவது கிடைக்கும்.”