கிணற்றிலிருந்து ஒகேனக்கல் வரை: தென்னிந்தியக் குடிநீரில் புளோரைடு

1937ஆம் ஆண்டு ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் நெல்லூர் மாவட்டத்தைப் பற்றிய சிறு கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவர். கிண்டி கிங் நிலையத்துடன் தொடர்புடையவர்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் அடங்கிய அம்மாவட்டத்து ஊர்களில், கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் கறை படிந்திருந்தது. பல்லாண்டுகள் அதையே குடித்த பெரியவர்களுக்கு முதுகுத்தண்டு இறுகி, குனியவும் கழுத்தைத் திருப்பவும் முடியாமல் போயிற்று. நீரில் கரைந்திருந்த புளோரைடுதான் காரணம் என்று அவர்கள் காட்டினர். இந்தியாவில் புளூரோசிஸ் எனும் இந்நோய் பற்றிய முதல் மருத்துவப் பதிவாக இதுவே கருதப்படுகிறது. பற்கறைக்கும் புளோரைடுக்கும் உள்ள தொடர்பு அமெரிக்காவில் தெரியவந்ததே 1931இல்தான். ஆறே ஆண்டுகளில் எலும்புவரை அதன் பாதிப்பைத் தொடர்ந்து சென்ற இப்பணிக்கு நம் மருத்துவ வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

காரணம் தெரிந்தபின் தீர்வு ஏன் இவ்வளவு தாமதமாயிற்று?

புளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. காய்ச்சினால் நீங்காது, நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். கருங்கல் பாறையிடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீரில், அதிலும் சுண்ணச்சத்து குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரில், அது எளிதாகக் கரைகிறது. 1960களின் பிற்பகுதி வறட்சிக்குப் பின் ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறுகளும் கைப்பம்புகளும் வந்தன. காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அஞ்சி எடுத்த முடிவு அது. பல உயிர்களைக் காத்த முடிவும்கூட. ஆனால் கிருமி இல்லாத நீரே நல்ல நீர் என்ற கணக்கில், பாறை தந்த நஞ்சு விடுபட்டது.

நல்கொண்டா மாவட்டம் இன்னொரு பாடம். அங்கே முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும்படி கால் வளைந்த இளம்பிள்ளைகளைப் பற்றி, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1973இல் ‘லான்செட்’ இதழில் எழுதினர். நாகார்ஜுனசாகர் அணையின் கசிவால் நிலத்தடி நீர்மட்டமும் காரத்தன்மையும் உயர்ந்தன. அங்கு விளைந்த சோளத்தில் மாலிப்டினம் மிகுந்து, உடலில் தாமிரச்சத்து குறைந்தது என்பது அவர்கள் தொடர்ந்து வைத்த விளக்கம். ஒரே நஞ்சு, நிலமும் உணவும் மாறியதும் வேறு உருவெடுத்தது.

நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) 1970களில் உருவாக்கிய ‘நல்கொண்டா முறை’ எளியது. வாளி நீரில் சுண்ணாம்பும் படிகாரமும் பிளீச்சிங் பவுடரும் இட்டுக் கலக்கி, கசடு அடியில் படிந்ததும் மேல்நீரை இறுத்துக்கொள்ள வேண்டும். புளோரைடின் அளவுக்கேற்பப் படிகாரம் மாறும். நாள்தோறும் கசடை அகற்றவும் வேண்டும். கூலி வேலைக்கு விடியலில் கிளம்பும் பெண்ணின் தலையில் இந்தச் சோதனைக்கூட வேலையைச் சுமத்தியது நியாயமன்று.

நிலையான வழி, புளோரைடு குறைந்த ஆற்றுநீரைக் கொண்டுவருவதே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி 2013இல் தொடங்கப்பட்டது. கிண்டி ஆய்வாளர்கள் எழுதி அப்போது 76 ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்கது; வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. இறுகிய முதுகுத்தண்டை மீட்க மருந்தில்லை. ஆகவே உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கத் தருமுன், அதன் புளோரைடு அளவு என்ன என்று ஊராட்சியில் கேளுங்கள். அறிக்கை இல்லையென்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கச் செய்யுங்கள்.