இஃது எந்தக் கிறிம்?

பழைய தேவதைக் கதைகளின் மறுபதிப்பு ஒன்று கைக்கு வந்ததும் நாம் அட்டையைப் பார்க்கின்றோம், தாளைத் தடவுகின்றோம், படங்களைப் புரட்டுகின்றோம். இவை வேண்டாதவை அல்ல. ஆயினும், ஜேர்மானியரான கிறிம் சகோதரரின் கதைத் தொகுதியைப் பொறுத்தவரை முதலிற் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இஃது எந்தக் கிறிம்?

கேள்வி விந்தையாகத் தோன்றலாம். யாக்கோப், வில்லெம் என்னும் அவ்விருவரும் தம் நூலின் முதற் பாகத்தை 1812ஆம் ஆண்டிலும், இரண்டாம் பாகத்தை 1815ஆம் ஆண்டிலும் பேர்லினில் வெளியிட்டனர். அதிற் கதைப்படங்கள் இல்லை. கற்றோருக்கான குறிப்புகள் இருந்தன. 1857இல் வந்த ஏழாம் பதிப்போ பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத்தக்க நூல். இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளிற் பெரும்பாலும் வில்லெமின் கையே கதைகளைத் திருத்தியது.

வெண்பனி என்னும் சிறுமியைக் கொல்லும்படி பணித்தவள் யார்? மாற்றாந்தாய் என்பீர்கள். 1812ஆம் ஆண்டு நூலில் அவள் பெற்ற தாயே! 1819இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் மாற்றாந்தாய் நுழைகின்றாள். பஞ்சத்திலே ஹான்சலையும் கிறெட்டலையும் காட்டில் விட்டுவரச் சொன்ன தாயும் 1840ஆம் ஆண்டுப் பதிப்பிலே மாற்றாந்தாய் ஆனாள். கோபுரத்திற் சிறைப்பட்ட றபுன்செல் முதற் பதிப்பிலே, தன் உடைகள் ஏன் இறுகுகின்றன என்று வெகுளியாகக் கேட்டு, தான் கருவுற்றதை வெளிப்படுத்திவிடுகின்றாள். பிந்திய பதிப்புகளில் அக்கேள்வி மறைந்தது. பிள்ளையை வருத்துபவள் தாயாக இருத்தலாகாது என்று அக்காலக் குடும்ப ஒழுக்கம் விரும்பியது போலும். பசி ஒரு தாயை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்ற பழைய கதையின் கொடிய உண்மை அதனால் மங்கிவிட்டது என்பதே என் எண்ணம்.

ஆங்கில வழி வந்த நூல்களிற் சிக்கல் இன்னும் கூடுகின்றது. எட்கார் ரெய்லர் 1823இல் இலண்டனில் வெளியிட்ட மொழிபெயர்ப்பு, ஜோர்ஜ் குறூக்‌ஷாங்கின் படங்களால் அழகு பெற்றது. ஆனால் தவளை அரசன் கதையில் ரெய்லர் துணிந்து கைவைத்தார். மூலத்தில் அரசிளங்குமரி சினங்கொண்டு தவளையைச் சுவரில் எறிகின்றாள். அப்போதே அது அரசகுமாரனாகின்றது. ரெய்லரிடத்தில் அது மூன்று இரவுகள் அவள் தலையணையில் அமைதியாகத் துயில்கின்றது. முத்தமிடும் வழக்கமும் மூலத்துக்குரியதன்று.

எனவே, பதிப்பாண்டும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் இல்லாது, முழுமையான கிறிம் என்று பொன்னெழுத்தில் மட்டும் பொறித்து வரும் நூலை நான் ஐயத்துடனே திறப்பேன். காலணி அணிந்த பூனையின் கதை அதில் உள்ளதா என்று பார்ப்பேன். அக்கதை 1812ஆம் ஆண்டு நூலில் இருந்தது. பிரான்சின் பெறோ எழுதியதற்கு மிக நெருங்கியதென்று பின்னர் நீக்கப்பட்டது. பிந்திய பதிப்பின் பெயரால் வரும் நூலில் அப்பூனை நடமாடினால், பதிப்பாளர் பல நூல்களைக் கலந்துவிட்டார் என்று அறியலாம்.

நன்முயற்சிகளும் உண்டு. ஹைன்ஸ் றொல்லெக்கே 1857ஆம் ஆண்டுப் பதிப்பை 1980இல் மூன்று பாகங்களாக, சகோதரரின் குறிப்புகளுடன் வெளியிட்டார். ஜக் சைப்ஸ் முதற் பதிப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் 2014இல் தந்தார். இரண்டையும் அருகருகே வைத்து ஹான்சல், கிறெட்டல் கதையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.