முதல் ஸ்பீட் போட்: என்ஜினுக்கு முன்னாடி அடியைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

போன மாசம் ஃப்ளோரிடாவில், டாம்பா பக்கத்திலிருந்து ஒரு அண்ணா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஐடி வேலை, பதினைந்து வருஷமாக அங்கேதான் இருக்கிறார். "தம்பி, முதல் தடவையா ஒரு பெர்ஃபார்மன்ஸ் போட் வாங்கப் போறேன். ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணு 22 அடி, பழைய டான்ஸி, ஒரே என்ஜின். இன்னொண்ணு 30 அடிக்கு மேல, ரெண்டு என்ஜின் வெச்ச கேட்டமரான். மணிக்கு நூறு மைல் தாண்டுமாம். என் பொண்ணுக்கு ஒன்பது வயசு, பக்கத்து சீட் அவளுக்குத்தான்னு இப்பவே புக் பண்ணிட்டா. நீ ஹிஸ்டரி பேசுற ஆளு, எதை எடுக்கலாம் சொல்லு."

நான் ஏறியதே முட்டுக்காடு போட் ஹவுஸ் மோட்டார் போட்டில்தான். அதையும் வேறொருத்தர்தான் ஓட்டினார். அதனால் "இதை வாங்குங்க"ன்னு ஷோரூம் ஆள் மாதிரி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கு. அது என்ஜினில் இல்லை, படகின் அடிப்பாகத்தில் இருக்கு.

குளத்தில் சப்பையான கல்லைச் சாய்வாக எறிந்தால் தத்தித் தத்திப் போகும், இல்லையா? வேகப் படகும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. மெதுவாகப் போகும்போது தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும். ஒரு வேகத்தைத் தாண்டியதும் மேலே எழும்பி, தண்ணீர் மேல் சறுக்க ஆரம்பிக்கும். சறுக்குவதற்குச் சப்பையான அடிதான் சுலபம், குறைந்த சக்தி போதும். 1950-களில் வந்த பல வேகப் படகுகள் அப்படித்தான் இருந்தன. முன்பக்கம் கூராக இருக்கும், பின்னால் போகப் போகக் கிட்டத்தட்ட தட்டையாகிவிடும். ஏரியில் அருமையாக ஓடும். கடலில் அலை வந்தால் கதை வேறு. படகு அலையிலிருந்து எகிறி, தட்டையான அடியோடு தண்ணீரில் வந்து விழும். நீச்சல் குளத்தில் வயிறு பட விழுந்தவர்களுக்கு அந்த வலி தெரியும். அதுவே நிமிஷத்துக்குப் பல தடவை, முதுகெலும்பில். அதனால் என்ஜினில் எவ்வளவு பவர் இருந்தாலும் கடலில் அதைப் பயன்படுத்த முடியாது. உடம்பு தாங்காது, சில சமயம் படகே தாங்காது.

1958-ல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் அமெரிக்கா கப் பாய்மரப் போட்டிக்கான தகுதிச் சுற்றுகள் நடந்தன. 'விம்' என்ற படகின் குழுவில் டிக் பெர்ட்ரம் இருந்தார். மயாமியில் படகு வியாபாரம் செய்பவர். கடல் கொந்தளிப்பாக இருந்த ஒரு நாளில், 23 அடி மோட்டார் படகு ஒன்று எதுவுமே நடக்காத மாதிரி அலைகளின் மேல் பறந்து போவதைப் பார்த்தார். அதை வடிவமைத்தவர் மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த ரே ஹன்ட். அவர் செய்த மாற்றம் கேட்க ரொம்பச் சாதாரணம். முன்பக்கம் இருக்கும் V வடிவத்தைப் பின்னால் தட்டையாக்காமல், கடைசி வரைக்கும் அப்படியே ஆழமாகக் கொண்டுபோனார். அடியில் நீளவாக்கில் சில மெல்லிய பட்டைகளும் வைத்தார். V அலையை அறைவதற்குப் பதில் வெட்டிக்கொண்டு இறங்கும். பட்டைகள் தண்ணீரை விலக்கிப் படகைத் தூக்கிக் கொடுக்கும்.

பெர்ட்ரம் தனக்கு 31 அடியில் மரப்படகு ஒன்றை ஹன்ட்டிடம் கேட்டு வாங்கி, மனைவியின் செல்லப்பெயரையே வைத்தார்: 'மாப்பி'. 1960-ல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசாவுக்குப் போட்டி, சுமார் 300 கிலோமீட்டர். அன்றைக்குக் கடல் பயங்கர மோசம். சாம் கிரிஃபித் ஓட்ட, மாப்பி 8 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதாக வந்ததும் ஹன்ட் வடிவமைத்த சின்னப் படகுதான். மற்ற படகுகள் வந்து சேர அடுத்த நாள் ஆகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 300 கிலோமீட்டர், 8 மணி நேரம். சராசரி மணிக்கு 37 கிலோமீட்டர்தான்! ஈ.சி.ஆரில் நம்ம பசங்க ஸ்கூட்டியில் அதைவிட வேகமாகப் போவாங்க. ஆனால் அந்தக் கடலில் அந்த வேகத்தை விடாமல் பிடிக்க முடிந்ததுதான் புரட்சி. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த எண் இதுதான். போட் விளம்பரத்தில் போடுவது தட்டையான தண்ணீரில் தொட்ட உச்ச வேகம். கடலில் நமக்குக் கிடைப்பது படகின் அடிப்பாகம் அனுமதிக்கும் வேகம் மட்டும்தான்.

பெர்ட்ரம் மாப்பியையே அச்சாக வைத்து ஃபைபர்கிளாஸ் மோல்ட் எடுத்தார். 1961 நியூயார்க் படகுக் கண்காட்சியில் பெர்ட்ரம் 31 அறிமுகமானது. ஹன்ட்டுக்கோ காப்புரிமை கிடைக்கவில்லை. விண்ணப்பித்த நேரத்தில் வடிவமைப்பின் விவரம் வெளியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்க பாஷையில் சொன்னால், ஆள் தெரியாமலே கோடை ஓப்பன் சோர்ஸ் பண்ணிட்டார். அதன் பிறகு ஊரே அதை ஃபோர்க் பண்ணியது.

அப்படிப் பண்ணியவர்களில் பெரிய ஆள் டான் ஆரோனோ. நியூ ஜெர்சியில் கட்டுமானத் தொழிலில் பணம் சேர்த்து, முப்பதுகளின் தொடக்கத்திலேயே மயாமிக்கு வந்து செட்டில் ஆனவர். சும்மா இருக்க முடியாமல் படகுப் பந்தயத்தில் இறங்கினார். 1962-ல் ஃபார்முலா கம்பெனி. அதை விற்றுவிட்டு 1964-ல் டான்ஸி, அவருடைய செல்லப்பெயர்தான் அது. அதையும் விற்றுவிட்டு 1966-ல் மேக்னம். பிறகு சிகரெட். இன்றைக்கு ஸ்டார்ட்அப் விற்று ஸ்டார்ட்அப் தொடங்குகிறவர்களுக்கெல்லாம் முன்னோடி, அதுவும் பெரும்பாலும் வடக்கு மயாமியில் ஒரே தெருவில். 1967, 1969 இரண்டு வருஷமும் அவர்தான் உலக சாம்பியன். சிகரெட் என்பது மதுவிலக்குக் காலத்தில் சாராயம் கடத்திய ஒரு படகின் பெயர். 80-களில் அந்தப் பெயருக்குப் பழைய தொழில் திரும்ப வந்தது. போதைப்பொருள் கடத்துகிறவர்களும் இந்த மாதிரிப் படகுகளில் வந்தார்கள். அவர்களைத் துரத்த சுங்கத்துறை வாங்கிய 'ப்ளூ தண்டர்' படகுகளும் ஆரோனோ கம்பெனியுடையவைதான். அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் புஷ்ஷும் அவருடைய வாடிக்கையாளர். 1987 பிப்ரவரி 3, அதே தெருவில் தன் காரில் இருந்த ஆரோனோ சுட்டுக் கொல்லப்பட்டார். அது தனி எபிசோடுக்கான கதை, இங்கே நிறுத்திக்கிறேன்.

நம்ம அண்ணாவுக்குச் சொல்ல வேண்டிய கதை அதே வருஷம் ஆகஸ்டில் நடந்தது. எஃப்1 பார்க்கிறவர்களுக்கு டிடியே பிரோனியைத் தெரிந்திருக்கும். 1982-ல் ஃபெராரியில் சாம்பியன்ஷிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். ஹாக்கன்ஹைமில் மழையில் பயிற்சி ஓட்டம். முன்னால் போன ப்ராஸ்ட்டின் கார் தெரியாமல் அதன் பின்னால் மோதி, இரண்டு கால்களும் நொறுங்கின. எத்தனையோ அறுவை சிகிச்சைகள். எஃப்1-க்குத் திரும்பவே முடியவில்லை. படகுப் பந்தயத்துக்கு வந்தார். 1987 ஆகஸ்ட் 23, இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் அருகே பந்தயம். கார்பன் ஃபைபரில் செய்த லேசான, அதிவேகப் படகு 'கொலிப்ரி'. அது ஓர் எண்ணெய்க் கப்பல் கிளப்பிவிட்ட அலையில் ஏறிக் கவிழ்ந்தது. பிரோனியும் உடன் இருந்த இருவரும் இறந்துபோனார்கள்.

உலகத்திலேயே வேகத்தை நன்றாகக் கையாளத் தெரிந்தவர்களில் ஒருவர் அவர். புயல் இல்லை, பாறை இல்லை. ஒரு கப்பல் போன தடம், அவ்வளவுதான். ரோடு நேற்று இருந்த மாதிரியே இன்றைக்கும் இருக்கும். தண்ணீர் பத்து வினாடிக்கு முன்னால் இருந்த மாதிரி இருக்காது.

இப்போ கேட்டமரானுக்கு வருவோம். இரண்டு ஒல்லியான அடிகள், நடுவில் சுரங்கம் மாதிரி இடைவெளி. வேகம் கூடக் கூட அந்த இடைவெளியில் புகும் காற்று படகைத் தூக்கும், தண்ணீரின் இழுவை குறையும். அதே பவருக்கு V படகைவிட வேகம் அதிகம். ஆனால் தூக்குகிற அந்தக் காற்றே, அலையில் மூக்கு கொஞ்சம் அதிகமாக நிமிர்ந்தால், படகைப் பின்பக்கமாகப் புரட்டிவிடும். 1990 அக்டோபரில் மொனாக்கோ கடலில், பட்டத்தைத் தக்கவைக்க இறங்கிய உலக சாம்பியன் ஸ்டெஃபானோ கசிராகி தன் கேட்டமரான் கவிழ்ந்து இறந்தார். வயது 30.

அண்ணா, அதனால்தான் சொல்றேன், முதல் படகுக்கு அந்த 22 அடிதான். அதுவும் ஒன்றும் சாது இல்லை. ஆழமான V என்றால் நின்றிருக்கும்போது பக்கவாட்டில் ஆடும், மேலெழும்பச் சக்தி அதிகம் கேட்கும், பெட்ரோல் குடிக்கும். உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் போனால் V-யின் கூர்முனை மேல் நின்றுகொண்டு இடம் வலமாகத் தள்ளாட ஆரம்பிக்கும். புதுசாக ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவார். கை படகைவிட அரை வினாடி லேட், அதனால் ஒவ்வொரு திருத்தமும் தள்ளாட்டத்தைக் கூட்டும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவன் நான், அந்த கிராஃப் இன்னும் கண்ணில் நிற்குது. செய்ய வேண்டியது ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, த்ராட்டிலை மெதுவாகக் குறைப்பது.

ஏரி மாதிரி அமைதியான காலை நேரத்தில் டெஸ்ட் ரைடுக்குக் கூப்பிட்டால் போகாதீங்க. காற்று அடிக்கிற மதியம், அலை இருக்கிற நேரத்தில் கேளுங்க. நீங்க பயப்படாத வேகம் எதுன்னு அன்றைக்குத் தெரியும். என்ஜினை நிறுத்தும் கயிறு ஒன்று இருக்கும், ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டிக்கொள்வது. ஆள் தூக்கி எறியப்பட்டால் என்ஜின் நின்றுவிடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் 2021 ஏப்ரல் 1 முதல் அதை மாட்டுவது சட்டம். பக்கத்துத் தெருவுக்குத்தானேன்னு ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிக்கிட்டுப் போற நம்ம ஊர்ப் பழக்கம் அங்கே வேண்டாம்.

பாப்பா ஏறுவதற்கு முன்னால் தனியாகவோ, ஓட்டத் தெரிந்த ஒருத்தரை வைத்தோ ஒரு சீசன் ஓட்டிப் பாருங்க. டாம்பா துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வந்து போகும், உங்களுக்கே தெரியும். அதன் தடம் தெரிந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக் கடந்து பழகுங்க. கேட்டமரான் ஆசை அப்புறமும் இருந்தால், ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அதுல பின்னாடி பாப்பா சத்தமும் கேக்கணும்.